பெயர் கேட்காமல் எடுத்த ரத்தம்

சென்ற மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் கிளினிக் போயிருந்தேன். ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தட்டினாள், மறுபடியும் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க நரம்பு ஓடுது லா" என்றாள். ஓடுறது நரம்பு இல்ல பிள்ள, உன் கண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு விரலை வை என்றேன். வைத்தாள், கிடைத்தது. ரத்தம் தானாகவே குழாயில் ஏறியது, ஊசி நேராகக் குப்பைக்குப் போனது. இந்த மாதிரி ஒரு ஊசியை வைத்துக்கொண்டு நாங்கள் ஆறு மாதம் குடித்தனம் நடத்தினோம் என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அவளும் அவள் கூட்டாளிகளும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லித்தான் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் வீட்டுக்குத் தப்பி வந்தேன்.

நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரன் ஆட்சியில், மலாயாவின் அவசரகாலத்தில். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் போலீஸ், நடுவில் ரப்பர் தோட்டத்து ஜனங்கள். நான் டவுன் பெண். அப்பா மலாக்காவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். கட்டில் விரிப்பது, சட்டி கழுவுவது, திட்டு வாங்குவது என்று மூன்று வருடம் ஓடியது. அதில் எழுத ஒன்றும் இல்லை. பயிற்சி முடிந்ததும் ஆஸ்பத்திரி ரத்தப் பிரிவின் தலைமை நர்ஸ் சிஸ்டர் ரோசலினிடம் போட்டார்கள், அங்கேதான் என் உண்மையான படிப்பு ஆரம்பித்தது.

சிஸ்டர் ரோசலின் செரானி, அதாவது மலாக்காவின் போர்த்துகீசிய வம்சத்துப் பெண். குட்டை உருவம், கஞ்சி போட்ட உடுப்பு. வீட்டில் அவர்கள் பாஷை, டாக்டரிடம் இங்கிலீஷ், எங்களிடம் மலாய், கோபம் வந்தால் நாலு வார்த்தை தமிழ். அந்த நாலு வார்த்தையும் எங்கள் கூட்டுகிற அம்மாவிடம் கற்றுக்கொண்டது. எப்படிப்பட்ட தமிழ் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எல்லாமே கண்ணாடி சிரிஞ்சு. உருளைக்கும் உள்ளே போகும் தண்டுக்கும் ஒரே நம்பர் பொறித்திருக்கும், மாற்றிப் போட்டால் ஒழுகும். ஊசிகளைக் கம்பி விட்டுக் குத்திக் கழுவி, இருபது நிமிடம் கொதிக்க வைப்போம். முனை மழுங்கினால் எண்ணெய் விட்ட சாணைக்கல்லில் சாய்த்துத் தேய்க்க வேண்டும். தேய்த்ததைப் பஞ்சின்மேல் இழுத்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு இழை சிக்கினாலும் சிஸ்டர் ஊசியைத் திருப்பிக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், வாயைத் திறக்கமாட்டார். முதல் வாரம் ஒரே ஊசியை ஒன்பது தடவை தேய்த்தேன். மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

அவருக்கு மூன்று சட்டம். ஒன்று, நரம்பைக் கண்ணால் தேடக்கூடாது. நம் ஆட்களின் கறுத்த தோலில் கண்ணுக்கு எங்கே தெரியும்? ரப்பர் குழாயைக் கையில் கட்டி, விரல் நுனியால் அழுத்தி விட்டால், நரம்பு இருக்கிற இடம் மெத்தென்று மேலே எழும்பும். இரண்டு, "வலிக்காது" என்று நோயாளியிடம் பொய் சொல்லக்கூடாது. கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. பெயர் ஒட்டாத ரத்தக் குழாய் அவர் மேசைக்கு வரக்கூடாது. வந்தால் நம் கண் முன்னாலேயே தொட்டியில் கொட்டிவிடுவார். வேறொருவர் ரத்தம் ஏறினால் ஆள் செத்துப்போவார், மன்னிப்புக் கேட்க ஆள் இருக்காது என்பார். நான் எடுத்த குழாய்களில் இரண்டு அப்படிப் போயின. மூன்றாவது போகவில்லை.

இனி லெச்சுமியின் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்து லாரி ஒன்று வந்து நின்றது. பாயா ரும்புட்டைத் தாண்டிப் போக வேண்டிய தோட்டம், பெயர் வேண்டாம். முந்தின நாள் பொழுதோடு பிள்ளை பெற்றவள் லெச்சுமி. ஊரடங்கு நேரம் என்பதால் விடிகிறவரை லாரியை எடுக்க முடியவில்லை. அதுவரை ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உதடு வெள்ளைத் தாளாக இருந்தது. புருஷன் ஆறுமுகம் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

டாக்டர் ரத்தப்போக்கை நிறுத்திவிட்டார். ஆனால் போன ரத்தத்தைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் அவளுடைய ரத்தம் கொஞ்சம் வேண்டும், சேருகிறதா என்று பார்க்க. சிஸ்டர் என்னைக் கைகாட்டினார். இடது கையில் குத்தினேன், ஒன்றும் வரவில்லை. வலது கையிலும் வரவில்லை. ரத்தம் வற்றிப்போன உடம்பில் நரம்பு தட்டையாக ஒட்டிக் கிடக்கும். எனக்கு வியர்த்துவிட்டது. சிஸ்டர் பின்னால் வந்து நின்று, "ஜாங்கான் தெங்கோ" என்றார், பார்க்காதே என்று. கையை விட்டுக் காலுக்குப் போனேன். கணுக்கால் எலும்புக்கு உள்பக்கம், கொஞ்சம் மேலே, விரலை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் துடிக்காது, அது துடிக்கிற நரம்பு அல்ல. தோலுக்கு அடியில் ஒரு சின்ன வழுக்கல் மட்டும் இருந்தது. கொஞ்சம் வலிக்கும்க்கா என்று மயக்கத்தில் கிடந்தவளிடம் சொல்லிவிட்டுப் படுக்கவாட்டில் குத்தினேன். கறுப்பாக நூல் மாதிரி ஏறியது. அந்த ஐந்து சிசிக்குப் பிறகுதான் நான் நர்ஸ் ஆனேன் என்று சொல்லுவேன்.

அவள் பி வகை. ஐஸ் பெட்டியில் அவளுக்குச் சேருகிற மாதிரி ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அதை ஏற்றினோம். இன்னும் இரண்டு பாட்டிலாவது வேண்டும், இல்லாவிட்டால் பொழுது சாய்கிறவரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறுமுகம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், உடம்பில் இருக்கிறது அத்தனையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சேரவில்லை. அதை அவரிடம் சொன்னபோது பாவம், தன் மேலேயே ஏதோ குற்றம் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

தோட்டத்துக்கே போய் ஆள் பிடித்து வா என்று சிஸ்டர் என்னை அதே லாரியில் ஏற்றிவிட்டார். ஐஸ் போட்ட தெர்மோஸில் வகை பார்க்கும் மருந்து, அதில் ரத்தத்தைக் கலந்து பார்க்க ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு, கொதிக்க வைத்த ஊசிகள், குழாய்கள், கொடையாளர் புத்தகம். ரத்தம் கொடுப்பவர்களுக்காக ஒரு டின் பாலும் பிஸ்கட்டும். தோட்டத்து முள்கம்பி வாசலில் காவல்காரர் பையைச் சோதித்தார். உணவுப் பொருள் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்ற காலம் அது, டின்னை முழுசாக உள்ளே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிப் பால் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார். என் பையெல்லாம் பால். நான் அப்போதே பாதி கோபத்தில் இருந்தேன்.

பால்மரம் வெட்டப் போனவர்கள் திரும்பி, ரப்பர் பாலை நிறுவைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம். தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜனங்களைப் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார். காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற மைதானம் அது. நான் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். லெச்சுமிக்கு ரத்தம் வேண்டும், கொடுக்க விருப்பமுள்ளவர்கள் வரிசையில் வந்து பெயரும் அடையாள கார்டு நம்பரும் சொல்லுங்கள் என்று நல்ல கணீரென்று சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசை மெல்லக் கரைய ஆரம்பித்தது. லெச்சுமிக்குச் சொந்தம் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். அவளுக்கு இங்கே சொந்தமே இல்லை என்றார் ஒருவர். அவர் அவளுடைய சித்தப்பா மகன் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நீங்களெல்லாம் மனுஷ ஜென்மங்கள்தானா, ஒரு பொம்பளை அங்கே செத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு குப்பி ரத்தத்துக்கு இப்படிப் பயப்படுகிறீர்களே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கங்காணி ஒருவர்தான் முன்னால் வந்தார். மீசை, தொப்பி, கையில் தடி. என் பேரை எழுதும்மா, எனக்கு யார்கிட்ட பயம் என்று மார்பைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்ததும் கண் செருகி, நாற்காலியோடு பின்னால் போனார். தண்ணீர் தெளித்து எழுப்பி, ரத்தத்தை எடுத்து ஓட்டில் வைத்துப் பார்த்தால் அதுவும் சேரவில்லை. சிரித்தவர்களும் அதோடு கிளம்பிவிட்டார்கள். மணி பதினொன்று தாண்டிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வரிசையில் சேராமல் தள்ளி நின்றவர், பால் வாளியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"மிஸ்ஸி, லெச்சுமிக்கு ரத்தம் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. பேரு மட்டும் கேக்காதீங்க."

ஏன் என்று கேட்டேன். தாழ்ந்த குரலில், நின்றபடியே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே களத்தில், இதே மாதிரி மேசை போட்டு, போலீஸ்காரர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்களாம். வண்டிக்குள் தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் உட்கார்ந்து, காட்டுக்காரர்களுக்கு உதவியவர் என்று சிலரைப் பார்த்துத் தலையை ஆட்டினானாம். ஆட்டியபோது யார் பெயர் எழுதப்பட்டதோ அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த அம்மாவின் புருஷனும் அதில் ஒருவர். அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு இந்தக் களத்தில் புத்தகத்தைத் திறந்தால் ஜனங்களுக்கு ஈரக்குலை நடுங்கும் என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன். மூடிய பிறகுதான் அடுத்த சிக்கல் உறைத்தது. பெயர் இல்லாமல் குழாயைக் கொண்டுபோனால் சிஸ்டர் கொட்டிவிடுவார். அவர் கொட்டாவிட்டாலும் அது சரியில்லை, ஐந்தாறு பேர் குழாய்கள் மாறிப்போனால் லெச்சுமியைக் கொல்வது நானாகத்தான் இருக்கும். அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். வாளியில் வெள்ளைச் சாயத்தில் 27 என்று இருந்தது. ஒவ்வொருவர் வாளிக்கும் ஒரு நம்பர், நிறுவையில் கிராணி கூப்பிடுவதே அந்த நம்பரைத்தான். தோட்டத்தில் யாருக்கும் அந்த நம்பர் மறக்காது, மாறவும் மாறாது.

புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து பையில் இருந்தது. குச்சியில் பஞ்சு சுற்றி, அந்த அம்மாவின் முழங்கைக்கு உள்பக்கம் 27 என்று எழுதினேன். குழாயிலும் 27. மேசையைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்குப் போய்விட்டேன், அந்தக் களமே வேண்டாம் என்று. கொஞ்சம் வலிக்கும்க்கா என்றேன். இதெல்லாம் ஒரு வலியா என்றார். மரம் வெட்டுகிற கை, நரம்பு கயிறு மாதிரி இருந்தது. ஓட்டில் ஒரு சொட்டு வைத்து மருந்து கலந்து ஆட்டினேன். மணல் மணலாகத் திரண்டது. பி.

ஒருத்தர் கொடுத்ததைப் பார்த்ததும் மற்றவர்கள் வந்தார்கள். 14, 33, 62, 8 என்று வாளியும் கையுமாக. சித்தப்பா மகனும் வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். அவர்தான் 62, அவரும் பி, மற்றவர்கள் வேறு வகை. காலை ஐந்து மணிக்கு வெறும் கோப்பி குடித்துவிட்டுப் போனவர்களுக்கு, சோறு வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் வயிறு காய்ந்து கிடந்தது. ஓட்டை டின்னில் மிஞ்சியிருந்த பாலைச் சுடுதண்ணீரில் கரைத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். ஒன்றைக் கவனித்தேன். 27 குடித்த குவளையை அடுத்து யாரும் எடுக்கவில்லை. பி வகை இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்த லாரியிலும் 62 முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார், அந்த அம்மா பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஆனால் ஏன் இப்படி என்று கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி. குழாய்களை சிஸ்டர் மேசைமேல் வைத்தேன். அவர் ஒரு குழாயை எடுத்தார், திருப்பினார், பெயர் எங்கே என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் திட்டினதையும் விடாமல். அவர் எழுந்து கொடையாளர்கள் இரண்டு பேரிடமும் போனார். கையை நீட்டச் சொல்லி ஊதா எழுத்தையும் குழாயையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஸ்பிரிட் பஞ்சால் ஓரத்தை அழுத்தித் தேய்த்து, அழிகிறதா என்றும் பார்த்தார். அழியவில்லை. திரும்பி வந்து பதிவேட்டில் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 27, 62 என்று எழுதினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று மலாயில் சொன்னார். "நீ போய் பாட்டிலை எடு."

சேருகிறதா என்று பார்த்து முடிக்க இன்னும் முக்கால் மணி நேரம். பிறகு 27 கட்டிலில் படுத்தார். ரப்பர் குழாய் வழியாக ரத்தம் பாட்டிலில் இறங்க இறங்க, உறையாமல் இருக்க நான் பாட்டிலைத் தாலாட்டுவது போல ஆட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்கு முதல் பாட்டில் லெச்சுமிக்கு ஏறியது, அதன் பிறகு 62. ஐந்து மணிக்கு அவள் நாக்கை வெளியே நீட்டி உதட்டை நனைத்துக்கொண்டாள். ஆறுமுகம் அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கேவிக் கேவி அழுதார். ஊரடங்குக்குள் வீடு போக வேண்டும் என்று கொடுத்தவர்கள் இரண்டு பேரும் அதற்கு முன்பே லாரி ஏறிவிட்டார்கள்.

நான்காம் நாள் லெச்சுமி எழுந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். யார் ரத்தம் கொடுத்தது என்று கேட்டாள். பெயர் தெரியாது, 62-உம் 27-உம் என்றேன். இருபத்தேழா என்று ஒருமுறை கேட்டாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பக்கத்து வீட்டு அக்கா மிஸ்ஸி. அவங்க வீட்டு அண்ணன புடிச்சிட்டுப் போன அன்னிக்கு, ஸ்டேஷனுக்குப் போயி பாக்கணும், புள்ளைய கொஞ்சம் வச்சிக்கன்னு வந்து கதவத் தட்டுனாங்க. நான் உள்ளதான் இருந்தேன். தொறக்கல."

எங்களையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்களோ என்று பயம் என்றாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லாருமே அப்படித்தான் விலகிப்போனார்கள், குழாயடியில்கூட அவர் தண்ணீர் பிடித்து முடிக்கிறவரை தள்ளி நிற்பார்கள், அண்ணன் பெயரை இரண்டு வருடமாக யாரும் வாயால் சொன்னதில்லை என்றாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரி வேன் அந்தத் தோட்டத்துக்குப் போனது. லெச்சுமிக்கு ரத்தம் ஊறியிருக்கிறதா என்று பார்க்க சிஸ்டர் என்னை அனுப்பினார். கூடவே கொடையாளர்களுக்குத் தருகிற இரண்டு அட்டைகள். விருப்பப்பட்டால் பெயர் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டு வா, வற்புறுத்தாதே என்றார். 62 பால் கொட்டகையிலேயே சிரித்துக்கொண்டு பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டார். லெச்சுமி வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் இருந்தாள். அந்த அக்கா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்ற, லெச்சுமி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் கழித்து, எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பெயர் வேண்டாமென்றால் வேண்டாம் அக்கா என்றேன். அவர் பிள்ளையைத் துவட்டி லெச்சுமியிடம் கொடுத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்குங்க மிஸ்ஸி. வேலம்மா."

எழுதினேன். அடுத்த வரியில் புருஷன் பெயர் என்று இருந்தது. கேட்டிருக்கக் கூடாது, பழக்கத்தில் கேட்டுவிட்டேன். வேலம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் எங்கள் பெண்கள், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. கடல் தாண்டி எங்கோ இருக்கிற அந்த மனிதருக்காக அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் லயத்தில் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லெச்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மாணிக்கம்" என்றாள். எனக்குக் கேட்டால் போதும் என்கிற குரல் இல்லை அது, கடைசி வீடுவரை கேட்டிருக்கும். "எங்க மாணிக்கம் அண்ணன். நல்லா பெருசா எழுதுங்க மிஸ்ஸி."